புது அடுப்பு வாங்குமுன் சுவரைப் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: பழைய அடுப்பு ஓய்ந்துவிட்டது, மேலே நான்கு பர்னரும் கீழே ஓவனும் சேர்ந்த ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள், கேஸில் ஓடுவதை வாங்குவதா கரண்டில் ஓடுவதை வாங்குவதா என்று வீட்டில் இரண்டு கட்சி, வாங்கி வந்தபின் நீங்களே மாட்டிக்கொள்ளலாமா என்றும் ஒரு யோசனை. மேலோட்டமாக எந்த மாடல் நல்லது என்று கேட்பதுபோல் இருந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது எதுவரை நான் செய்யலாம், எந்த இடத்தில் கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைத்தான். மாடல் பெயர் எதையும் நான் சொல்லப்போவதில்லை. அடுப்பு மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில், பெரும்பாலும் கேஸ் பக்கம். கரண்ட் பக்கத்தில் அடுப்பை இணைக்கும் அளவுக்குத்தான் என் அனுபவம், அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் அடக்கியே எழுதுகிறேன்.

என்னைக் கூப்பிடுகிற வீடுகளில் அடுப்பிலேயே கோளாறு இருப்பது குறைவு. சுவருக்கும் அடுப்புக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு மீட்டரில்தான் எல்லாம் நடக்கிறது. தப்பான கேஸுக்கான ஜெட் (பர்னருக்குள் கேஸ் பாயும் துளையுள்ள சின்னத் துண்டு), விரிசல் விட்ட டியூப், தாங்காத ஒயர், கைக்கு எட்டாத வால்வு. கடையில் பளபளப்பைப் பார்த்து வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்தபின் சுவரைப் பார்ப்பதால் வருகிற வினை இது. ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் சமையலறைக்குள் போய், உங்கள் வீட்டுக்கு என்ன கேஸ் வருகிறது, அடுப்புக்கென்று எவ்வளவு கரண்ட் எடுக்க முடியும், வைக்கிற இடத்தின் அளவு என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். கடை அப்புறம்.

கேஸிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இதில்தான் அதிகம் தவறுகிறார்கள். சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கொண்ட எல்பிஜி. நகரக் குழாயில் வரும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். குழாயில் வருகிறது என்பதால் மட்டும் அது இயற்கை எரிவாயு என்று முடிவு கட்டிவிடாதீர்கள், சில அடுக்குமாடிகளில் கீழே வரிசையாக வைத்திருக்கும் பெரிய சிலிண்டர்களிலிருந்து எல்பிஜிதான் குழாய் வழியாக மேலே ஏறும். சப்ளை செய்பவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், ஒரே கன அளவில் எல்பிஜி தரும் வெப்பம் இயற்கை எரிவாயுவைப் போல் சுமார் 2.5 மடங்கு. அதனால் எல்பிஜி அடுப்பின் ஜெட் துளை சிறியது, மற்றதில் பெரியது. எல்பிஜி ஜெட்டோடு இயற்கை எரிவாயுவை இணைத்தால் தீ சோம்பிப்போய் எரியும், எரிச்சல்தான் வரும், பெரிய ஆபத்தில்லை. தலைகீழாக நடந்தால்தான் விபரீதம்: பெரிய துளை வழியாக எல்பிஜி பாயும், தீ மஞ்சளாக உயர்ந்து பாத்திரத்தின் அடியெல்லாம் கரி பிடிக்கும், காற்று போதாமல் எரிவதால் கார்பன் மோனாக்சைடு கிளம்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

அடுப்பின் பின்புறத்திலோ, ஓவன் கதவைத் திறந்தால் உள்விளிம்பிலோ ஒரு சிறிய தகடு ஒட்டியிருக்கும். எந்தக் கேஸுக்கு, எத்தனை மில்லிபார் அழுத்தத்துக்கு அமைக்கப்பட்டது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். இயற்கை எரிவாயுவுக்கு 20 மில்லிபார் அளவில் இருக்கும், எல்பிஜிக்குப் பல நாடுகளில் 30 அருகே, சில இடங்களில் அதைவிட அதிகம். அந்த எண்ணும் உங்கள் ரெகுலேட்டரில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். பொருந்தாவிட்டால் மாற்ற முடியாதா என்றால், பல அடுப்புகளில் முடியும், ஆனால் நான்கு ஜெட்டை மாற்றினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களிடம் விடாதீர்கள். கேஸ் ஓவனாக இருந்தால் அதன் ஜெட், கிரில் இருந்தால் அதன் ஜெட், ஒவ்வொரு குமிழுக்குப் பின்னாலும் சிம் அளவைத் தீர்மானிக்கிற சின்ன திருகு, எல்லாவற்றையும் தொட வேண்டும். தயாரிப்பாளர் தரும் ஜெட் செட்டையே போட வேண்டும். துளையை ஊசியால் குத்திப் பெரிசாக்குகிறேன் என்று யாராவது சொன்னால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வாங்கும்போது ஒரே ஒரு வசதியில் பிடிவாதமாக இருக்கச் சொன்னால், நான் தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் அமைப்பைத்தான் சொல்வேன். ஒவ்வொரு பர்னர் பக்கத்திலும் தீயில் படும்படி ஒரு சிறிய உலோகக் குச்சி நிற்கும், தெர்மோகப்பிள். அது சூடாகும்போது சில மில்லிவோல்ட் மின்சாரம் உண்டாகி, வால்வுக்குள் இருக்கும் காந்தத்தைப் பிடித்துவைக்கிறது. பால் பொங்கியோ காற்றடித்தோ தீ அணைந்தால் குச்சி ஆறும், காந்தம் விடும், வால்வு மூடிக்கொள்ளும். உடனே மூடாது, கொஞ்ச நேரம் எடுக்கும், அது இயல்பு. பற்றவைத்தபின் குமிழைச் சில வினாடி அழுத்திப் பிடிக்கச் சொல்வதும் இதனால்தான், அது சூடேற வேண்டும். பொத்தானை அழுத்தினால் பொறி பறக்கிற ஆட்டோ இக்னிஷனை இதோடு குழப்பிக்கொள்கிறார்கள், விற்பவர்களும் சேர்த்துக் குழப்புகிறார்கள். அது பற்றவைக்க மட்டும். சில மாடல்களில் ஓவனுக்கு இந்தப் பாதுகாப்பு இருக்கும், மேல் பர்னர்களுக்கு இருக்காது. ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்குங்கள். மூடிய பெட்டிக்குள் கேஸ் சேரும் இடம் என்பதால், இது இல்லாத கேஸ் ஓவனை இலவசமாகக் கொடுத்தாலும் நான் வீட்டுக்குள் விடமாட்டேன்.

மேல்தகடு கண்ணாடியா எஃகா என்பதில் எனக்கு எஃகு பக்கம்தான் சாய்வு. கேஸ் அடுப்புகளின் மேல் வருவது பெரும்பாலும் கடினப்படுத்திய கண்ணாடி. அது வலுவானதுதான், ஆனால் பர்னரைவிட மிகப் பெரிய பாத்திரத்தை வைத்து அடியில் சூட்டைத் தேக்கினாலோ, விளிம்பில் அடி பட்டிருந்தாலோ, ஒருநாள் மொத்தமாகப் பொடிந்து சிதறும். இண்டக்‌ஷன் அடுப்புகளில் இருக்கும் செராமிக் கண்ணாடி வேறு வகை, சூட்டில் ஏறக்குறைய விரிவதே இல்லை, அதனால் அந்தப் பயம் அங்கே குறைவு. கனமான பாத்திரம் கையைவிட்டு விழுந்தால் அதுவும் விரிசல் விடும், விரிசல் விட்டபின் பயன்படுத்தக்கூடாது.

சரி, கரண்ட். இங்கே கணக்கு எளிது, வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். கையில் தூக்கி வைக்கிற 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே எடுக்கும், ஒழுங்கான பவர் பிளக் போதும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பிளக் உருகின வீடுகள் எல்லாவற்றிலும் நடுவில் ஒரு எக்ஸ்டென்ஷன் இருந்தது. ஆனால் நான்கு தட்டும் ஓவனும் சேர்ந்தது 7,000 வாட்டைச் சுலபமாகத் தொடும், அது 30 ஆம்பியர். சாதாரண பிளக் இதைத் தாங்காது. மெயின் போர்டிலிருந்து தனி ஒயர், கரண்ட் அளவுக்கு மீறினால் தானே அணைகிற தனி எம்சிபி, சமையலறையிலேயே கைக்கு எட்டும் தனி சுவிட்ச், கரண்ட் கசிந்தால் தானே அணைகிற ஆர்சிசிபி, உண்மையிலேயே வேலை செய்கிற எர்த் வேண்டும். எத்தனை சதுர மில்லிமீட்டர் ஒயர் என்பது தூரத்தையும், ஒயர் சுவருக்குள் போகிறதா வெளியே போகிறதா என்பதையும் பொறுத்தது. வீட்டைப் பார்க்காமல் நான் ஒரு எண்ணைச் சொல்வது பொறுப்பில்லாத வேலை. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துச் சொல்லட்டும்.

அவர் வரும்போது ஒன்றைக் கூடவே நின்று பாருங்கள். பெரிய மின் அடுப்புகளின் பின்னால் இருக்கும் இணைப்புப் பெட்டியில் சிறிய பித்தளைப் பட்டைகள் இருக்கும். சிங்கிள் பேஸா, இரண்டு பேஸா, மூன்று பேஸா என்பதற்கு ஏற்ப அவற்றை இடம் மாற்ற வேண்டும், எது எங்கே என்று பக்கத்திலேயே படம் ஒட்டியிருக்கும். படத்தைப் பார்க்காமல் மாட்டினால் அடுப்பு முதல் நாளே புகைந்துவிடும், வாரண்டியும் கிடைக்காது. இன்னொன்று, கிடங்கில் நெடுநாள் கிடந்த புது ஓவன் முதல் தடவை போட்டவுடன் டிரிப் ஆகலாம். ஹீட்டர் குழாய்க்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்ஸைடு தூள் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், அதுதான் பெரும்பாலும் காரணம். அதற்காக ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறேன் என்று யாரும் செய்ய விடாதீர்கள். ஈரத்தை முறையாகக் காயவைக்க வழி இருக்கிறது, சர்வீஸ்காரருக்குத் தெரியும்.

கேஸா கரண்டா என்ற வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியவை: இண்டக்‌ஷனில் தீ கிடையாது, எரிந்து வரும் வாயு கிடையாது, வெப்பம் பாத்திரத்திலேயே உண்டாவதால் வீணாவது குறைவு. காந்தம் ஒட்டாத பாத்திரம் அதில் சூடாகாது, ஆக உங்கள் பாத்திரங்களில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு அதன்பின் முடிவெடுங்கள். வீட்டில் பேஸ்மேக்கர் வைத்தவர் இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் தட்டிலிருந்து 60 செ.மீ. தள்ளி நிற்கச் சொல்வது வழக்கம், ஆனாலும் அவருடைய மருத்துவரிடம் கேட்டபின் வாங்குங்கள். அடுத்தது, கேஸ் எரியும் சமையலறையில் நைட்ரஜன் டை ஆக்ஸைடு கூடுகிறது என்பதும் உறுதி. அது ஒருவருடைய நுரையீரலை எவ்வளவு பாதிக்கும் என்பதில்தான் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை, அறையின் அளவும் காற்றோட்டமும் பெரிய வித்தியாசம் செய்கின்றன. ஆஸ்துமா உள்ள குழந்தை இருக்கிற வீடு என்றால் நான் கரண்டைத்தான் சொல்வேன். மற்றபடி, தனி லைன் இழுக்க வசதியிருந்து கரண்ட் அடிக்கடி போகாத இடமென்றால் இண்டக்‌ஷன், இல்லையென்றால் மேலே கேஸ் பர்னர், கீழே மின் ஓவன் சேர்ந்தது. கேஸ் ஓவனைவிட மின் ஓவனில் சூடு சீராகப் பரவும், கட்டுப்படுத்துவதும் சுலபம். இது என் விருப்பம், விதி இல்லை.

இடத்தை அளக்கும்போது அகலத்தை மட்டும் அளந்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பைப், வால்வு, பிளக் எல்லாம் சேர்த்துத்தான் ஆழம். ஓவன் கதவு முழுவதும் இறங்கியபின் ஒருவர் நிற்க இடம் வேண்டும். வாசல் நிலை வழியாக அடுப்பு உள்ளே வருமா என்றும் பாருங்கள். பர்னருக்கு மேல் அலமாரியோ சிம்னியோ இருந்தால் இடைவெளி எவ்வளவு என்பதை இரண்டின் கையேட்டிலும் பார்த்து, எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். கேஸுக்குப் பொதுவாக 65 முதல் 75 செ.மீ. கேட்பார்கள். ஜன்னல் நேர் பின்னால் இருந்தால் காற்று சிம் தீயை அணைக்கும், திரைச்சீலையும் பறந்து வந்து தீயில் விழும். சிம்னி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கரி வடிகட்டி வழியாக அதே காற்றை மறுபடி அறைக்குள் விடுகிற வகை, எண்ணெய்ப் பிசுக்கையும் வாடையையும் குறைக்கும், கார்பன் மோனாக்சைடை எடுக்காது. குழாய் வழியாக வெளியே தள்ளுவதுதான் கேஸுக்குச் சரி.

தரையில் நிற்கும் அடுப்பு என்றால் பெட்டிக்குள் ஒரு சிறிய இரும்புக் கோணமோ சங்கிலியோ வரும். பெரும்பாலான வீடுகளில் அது அட்டைப்பெட்டியோடு குப்பைக்குப் போயிருக்கும். திறந்த ஓவன் கதவின்மேல் குழந்தை ஏறி நின்றாலோ கனமான தட்டை வைத்தாலோ, மொத்த அடுப்பும் மேலே கொதிக்கிற பாத்திரங்களோடு முன்னால் சாயும். அதைத் தடுப்பதற்குத்தான் அந்தத் துண்டு. சுவரிலோ தரையிலோ திருகி மாட்டுங்கள், ரசமட்டம் வைத்துக் கால்களைச் சமன் செய்யுங்கள். இவை இரண்டும் நீங்களே செய்யக்கூடிய வேலை.

நீங்கள் செய்யக்கூடாதது எது? நிலையான கேஸ் பைப்பில் கை வைப்பது. பல நாடுகளில் அதற்கு உரிமம் உள்ளவர் மட்டுமே தொட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, உங்கள் ஊரில் சட்டம் தளர்வாக இருந்தாலும் என் பதில் அதுதான். சிலிண்டர், ரெகுலேட்டர், ரப்பர் டியூப் என்ற அமைப்பில் டியூப் மாற்றுவதைப் பல இடங்களில் வீட்டுக்காரர்களே செய்கிறார்கள், விதி அனுமதித்தால் நீங்களும் செய்யலாம். எல்பிஜிக்கென்று முத்திரையிட்ட டியூபாக இருக்க வேண்டும், தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை எல்பிஜி மெல்ல மெல்ல அரித்துவிடும். நீளம் தேவைக்கு மேல் வேண்டாம், ஒன்றரை மீட்டருக்குள் முடியும்படி சிலிண்டரை வையுங்கள். நடுவில் ஒட்டுப்போடாதீர்கள், சுவர் ஓட்டைக்குள்ளோ ஓவனின் சூடான முதுகுக்குப் பின்னாலோ விடாதீர்கள், இரண்டு முனையிலும் கிளிப் போடுங்கள். நட்டும் வாஷரும் போட்டு இறுக்குகிற இணைப்பில் வெள்ளை டேப்பைச் சுற்றுவது வீண், அங்கே கசிவைத் தடுப்பது வாஷர், டேப் சுற்றினால் அது சரியாக உட்காரவும் விடாது. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். படுக்கவைத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே வெளியேறும்.

மாட்டியபின் சோதனை. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் நுரைக்கக் கலந்து, எல்லா பர்னர் குமிழையும் மூடிவிட்டு, கேஸைத் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் தூரிகையால் தடவி நின்று பாருங்கள். குமிழி வளர்ந்தால் கசிவு. சின்னக் கசிவின் குமிழி மெதுவாகத்தான் வரும், அவசரப்பட்டால் தவறவிடுவீர்கள். தீக்குச்சியால் சோதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூக்கை மட்டும் நம்பாதீர்கள். எல்பிஜிக்கும் மீத்தேனுக்கும் சொந்த மணம் கிடையாது, கசிவு தெரிவதற்காகவே எத்தில் மெர்காப்டன் போன்ற நாற்றமடிக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள், அதை முகர்ந்துகொண்டே இருந்தால் மூக்கு மரத்துப்போகும். பைப் இணைப்பு என்றால் வந்தவர் அழுத்தமானியைப் பொருத்தி, கேஸை அடைத்தபின் சில நிமிடம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று காட்ட வேண்டும். காட்டச் சொல்லிக் கேளுங்கள், கோபித்துக்கொண்டால் ஆள் சரியில்லை.

முதல் முறை பற்றவைக்கும்போது பைப்பில் காற்று இருப்பதால் தீ திக்கும், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பொறுமையாக மறுபடி முயலுங்கள். தீ நீலமாக, பர்னரை ஒட்டி, சத்தமில்லாமல் நிற்க வேண்டும். நுனி மஞ்சளானால் காற்று போதவில்லை, பர்னரைவிட்டு எகிறிப் பறந்தால் காற்றோ அழுத்தமோ கூடிவிட்டது. தூசி எரிந்து எப்போதாவது ஆரஞ்சுப் பொறி தெறித்தால் கவலையில்லை. பிறகு குமிழை முழுத் தீயிலிருந்து சட்டென்று சிம்முக்குத் திருப்புங்கள், ஓவன் கதவையும் கீழே இருக்கும் அலமாரிக் கதவையும் கொஞ்சம் வேகமாகத் திறந்து மூடுங்கள். சிம் தீ அணையக்கூடாது. அணைந்தால் அந்தச் சின்ன திருகைச் சரிசெய்ய வேண்டும், ஆள் கிளம்பும் முன்பே இதைச் செய்து பார்த்துவிடுங்கள். தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் வால்வையும் சோதிக்கலாம்: சற்று நேரம் எரிந்தபின் ஊதி அணைத்துவிட்டுக் காத்திருந்தால் ‘டக்’ என்று மூடும் சத்தம் கேட்கும். ஓவனை முதலில் காலியாகவே அதிகச் சூட்டில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் எரிந்து நாறும், அது போனபின் சமையுங்கள். அந்த நேரத்தில் வளர்ப்புப் பறவை இருந்தால் வேறு அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள், புகையில் அவை சீக்கிரம் பாதிக்கப்படும்.

அலாரம் வாங்குவதென்றால் இரண்டும் வேறுவேறு என்று தெரிந்து வாங்குங்கள். கேஸ் கசிவுக்கு ஒன்று, கார்பன் மோனாக்சைடுக்கு ஒன்று. எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும், ஆகவே அதற்கான அலாரம் தரைக்குப் பக்கத்தில். இயற்கை எரிவாயு இலேசு, மேலே ஏறும், அலாரமும் கூரைக்குப் பக்கத்தில். மாற்றி வைத்தால் வைக்காததற்குச் சமம். கேஸ் நாற்றம் வந்தால் சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். தீயை அணைத்து, வால்வை மூடி, ஜன்னல் கதவைத் திறந்துவிட்டு, வெளியே போய் அங்கிருந்து போன் செய்யுங்கள். நாற்றமே இல்லாமல் சமைக்கும்போதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாகத் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே போனால் சரியாகிறது என்றால் கார்பன் மோனாக்சைடைச் சந்தேகியுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள், மருத்துவரிடம் காரணத்தோடு சொல்லுங்கள்.

கடைசியாகப் பழைய அடுப்பு. அதைக் கழற்றிய அன்றே புதியது வராது என்றால், பைப்பின் வால்வை மூடிவிட்டு அப்படியே விடாதீர்கள், யாராவது துடைக்கும்போது கைபட்டுத் திறந்துவிடும். முனையில் உலோக மூடி போட்டு இறுக்கச் சொல்லுங்கள், அந்த மூடியிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். பழைய டியூபைப் புது அடுப்புக்கு மறுபடி மாட்டாதீர்கள், நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் சரி. புது டியூபின் மேல் அச்சிட்டிருக்கும் தேதியைச் சிலிண்டர் பக்கத்துச் சுவரிலேயே எழுதி வைத்துவிடுங்கள், மாற்ற வேண்டிய வருடம் உங்களுக்கு ஞாபகம் இருக்காது.